வெப்ப சிகிச்சை முடிந்து மூன்று வாரம்: லீஷ்மேனியா புண்ணுக்கு ஊசிக்கு மாறணுமா?

இப்போதே மாற வேண்டாம். (லீஷ்மேனியா என்பது மணல் ஈ கடித்துப் பரவும் ஒட்டுண்ணி; ஊசி என்பது அதற்குப் போடும் ஆன்டிமணி மருந்து.) முன்கையில் ஒரே புண், மூன்று வாரத்தில் நீர் வடிகிறது என்கிறீர்கள்; அதை மட்டும் வைத்து வெப்பம் தோற்றுவிட்டது என்று சொல்ல முடியாது. பலன் உண்டா என்று பொதுவாக மூன்று மாதம் கழித்துத்தான் பார்ப்பார்கள்.

இப்போது தெரிவது பெரும்பாலும் சிகிச்சையே உண்டாக்கிய தீக்காயம். கருவி 50 டிகிரி சூட்டை 30 விநாடி கொடுக்கிறது. கொப்புளமும் கசிவும் வரத்தான் செய்யும்.

வாரம் ஒருமுறை பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். நடுப்பகுதியை விடுங்கள், விளிம்பைக் கவனியுங்கள். தடிப்பு தணிந்தால் சரி. விளிம்பு தடித்துப் பரவினால் புண்ணை மறுபடி சுரண்டி, ஒட்டுண்ணி இருக்கிறதா என்று பரிசோதிக்கச் சொல்லுங்கள். சீழ், காய்ச்சல், வலி கூடினால் அது பாக்டீரியா தொற்றாக இருக்கலாம், காத்திருக்காமல் போங்கள்.

ஊசிதான் பலமானது என்ற எண்ணம் எப்போதும் சரியல்ல. காபூலில் நடந்து 2005-இல் வெளியான ஆய்வில் வெப்பம் சுமார் 69 சதவீதம், புண்ணுக்குள்ளேயே போட்ட ஆன்டிமணி ஊசி 75 சதவீதம், தசையில் போட்டது 45 சதவீதம் பேரைக் குணமாக்கியது. தசை ஊசிக்கு இதயம், கல்லீரல், கணையம் எல்லாவற்றையும் கண்காணிக்க வேண்டும்.

ஆனால் அங்கே இருந்தது லீஷ்மேனியாவில் டிராபிகா என்ற இனம். உங்களுக்குத் தென் அமெரிக்காவின் பிரேசிலியென்சிஸ் இனம் என்றால் கதையே வேறு: அது பின்னாளில் மூக்கு, வாய்ச் சவ்வைத் தாக்கலாம், வெப்பமோ தொட்ட இடத்தில் மட்டுமே வேலை செய்யும். எந்த இனம் என்று மருத்துவரிடம் கேளுங்கள். அப்புறம், வீட்டில் நீங்களாகச் சூடு வைத்துப் பார்க்காதீர்கள்.