தடித்த பலகையில் கடிகார மிஷின் பொருத்துவது எப்படி?

கேள்வி: பழைய தேக்குக் கதவுப் பலகையை ஓரடி வட்டமாக அறுத்துச் சுவர்க்கடிகாரம் செய்கிறேன். பலகை ஒன்றேகால் அங்குல கனம். வாங்கி வந்த மிஷினின் தண்டு முன்பக்கம் எட்டவே இல்லை. பலகையை இழைத்து மெலிதாக்கட்டுமா?

பதில்: வேண்டவே வேண்டாம், அந்தக் கனம்தான் அதற்கு அழகு. பின்பக்கம் மிஷின் உட்காரும் அளவுக்குக் குழி எடுத்தால் போதும். முதலில் தண்டில் மரை ஓடும் நீளத்தை அளந்து பாருங்கள். வாஷருக்கும் நட்டுக்கும் 3 மி.மீ. போக மீதிதான் மரத்துக்கு. மரை 12 மி.மீ. என்றால் குழிக்கு முன்னால் 9 மி.மீ. மரம் நிற்கலாம், அதாவது உங்கள் 32 மி.மீ. பலகையில் 23 மி.மீ. தோண்ட வேண்டும். மரையே 5, 6 மி.மீ.தான் என்றால் நீளத் தண்டுள்ள மிஷினாக மாற்றி வாங்கிவிடுங்கள், அவ்வளவு மெலிதாகச் செதுக்கிய மரம் நட்டை இறுக்கும்போதே விரிசல் விடலாம்.

தோண்டும் முன் பலகை மேல் ஒரு காந்தத்தை ஓட்டிவிடுங்கள், கதவு மரத்தில் தலை ஒடிந்த ஆணி உள்ளேயே கிடக்கும், உளியின் வாய் போய்விடும். நடுவில் 3 மி.மீ. துளையை மறுபக்கம் வரை போட்டால் முன்னும் பின்னும் மையம் பிசகாது. சாதாரண மிஷின் 56 மி.மீ. சதுரம், அந்தத் துளையைச் சுற்றி 60 மி.மீ. சதுரம் வரைந்து, பேட்டரிப் பக்கம் மட்டும் விரல் நுழைய இடம் கூட்டிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பேட்டரி மாற்றும்போதெல்லாம் மிஷினையே கழற்ற வேண்டிவரும். மரத்தில் குழி எடுக்கும் ரவுட்டர் மிஷின் இல்லையா, பரவாயில்லை. ட்ரில் பிட்டில் ஆழத்துக்கு டேப் சுற்றி நெருக்கமாகத் துளைகள் போட்டு, மிச்சத்தை உளியால் எடுங்கள். கடைசியில் குழிக்குள் ஒரு மரத்துண்டை அண்டக் கொடுத்து, நடுத்துளையை முன்பக்கமிருந்து தண்டின் அளவுக்கு, பெரும்பாலும் 8 மி.மீ., பெரிதாக்குங்கள், அப்போது சிம்பு எழாது.

மிஷினில் இருக்கும் பிளாஸ்டிக் கொக்கியில் மாட்டாதீர்கள். இந்த வட்டம் ஒன்றரை கிலோ வரும், அதனால் மரத்திலேயே தனிக் கொக்கி திருகுங்கள்.

பாலிஷ் நன்றாகக் காய்ந்த பிறகு மூன்று முள்ளையும் 12-ல் வைத்து அழுத்துங்கள். அப்புறம் பின்பக்கச் சக்கரத்தைத் திருப்பி முட்களை ஒரு முழுச் சுற்று ஓட்டி, ஒன்றோடொன்று உரசுகிறதா என்று பக்கவாட்டில் பாருங்கள். புதுக் கடிகாரம் நின்றுபோனால் அநேகமாக அந்த உரசல்தான் காரணம், மிஷின் அல்ல.