ஊழியத்தில் சோர்ந்துபோனேன், ஜெபிக்கக்கூட மனம் வரவில்லை. விட்டுவிடலாமா, மீள வழி உண்டா?

தம்பி, தனி ஆளாக ஒரு சிறிய சபையை நடத்தி நடத்தி, இப்போது வேதத்தைத் திறந்தாலே வெறுப்பாக வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். காரைக்குடிப் பக்கம் நானும் ஒரு சுயாதீன சபையின் போதகன். இதே நிலையைத் தாண்டி வந்தவன். விடுவதா வேண்டாமா என்பதை இப்போது முடிவு செய்யாதீர்கள். முதலில் நன்றாகத் தூங்குங்கள்.

எங்கள் சபையில் பாதிப் பேர் வெளியூர்க்காரர்கள். அழகப்பா பல்கலைக்கழகம், சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், பேங்க் என்று வேலைக்காக நெல்லையிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் வந்தவர்கள். ஒருவர் ஞாயிறு பள்ளிக்குப் பழகி, இன்னொருவர் பாடல் நடத்தத் தேறிவரும் நேரத்தில் டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்துவிடும். ஜெபம் பண்ணி வழியனுப்பிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். செய்தி கொடுப்பது, புதுவயல், பள்ளத்தூர், கோட்டையூர் என்று பைக்கில் வீட்டுக்கூட்டத்துக்குப் போவது, சொந்தபந்தம் இல்லாதவருக்கு ராத்திரி நெஞ்சு வலித்தால் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போவது, எல்லாம் என் தலையில். உழைப்பைவிட அந்த ஓயாத வழியனுப்புதல்தான் என்னை அதிகம் அரித்தது என்று இப்போது தோன்றுகிறது.

போன் அடித்தாலே வயிறு கலங்கும். ஒரு அடக்க ஆராதனையில் குடும்பமே கதறுகிறது, எனக்குள் ஒன்றுமே அசையவில்லை. அன்று கொடுத்த செய்தி நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். அதுதான் பயமாக இருந்தது.

நம் வட்டாரத்தில் இதற்கு உடனே கிடைக்கும் மருந்து என்ன? "அபிஷேகம் குறைஞ்சுபோச்சு பிரதர், மூணு நாள் உபவாசம் எடுங்க." சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல் ஓடி விழுந்தவனை மேலும் பட்டினி போட்டு, முழு இரவு ஜெபத்துக்கும் உட்கார வைப்பது எந்த ஊர் வைத்தியம்? உலக சுகாதார நிறுவனம் 2019-ல் தன் நோய்ப் பட்டியலின் புதிய பதிப்பில் பர்ன் அவுட் என்னும் இந்தச் சோர்வைப் பற்றி எழுதும்போது, இதை நோய் என்று சொல்லவில்லை. வேலை அழுத்தம் சமாளிக்கப்படாமல் நீண்டு போவதால் வரும் நிலை என்கிறது. சக்தி வற்றிப்போவது, செய்யும் வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோவது, எதையும் உருப்படியாகச் செய்யவில்லை என்ற எண்ணம் ஆகியவை அதன் அடையாளங்கள். விசுவாசக் குறைவு அதில் இல்லை.

வேதத்திலும் அப்படித்தான். 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தில் எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார். தூதன் வந்து கடிந்துகொள்ளவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்துத் தூங்கவிட்டு, மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தான். இங்கே உனக்கு என்ன காரியம் என்ற கேள்வியே ஓரேப் மலைக்குப் போன பிறகுதான் வருகிறது. அப்புறம் கூட வேலை செய்ய எலிசாவும் கிடைக்கிறான். பிரசங்கத்தில் நாங்கள் எல்லோரும் அந்த மலையில் கர்த்தர் பேசிய மெல்லிய சத்தத்துக்கு அவசரமாக ஓடிவிடுவோம். அடையை யாரும் கண்டுகொள்வதில்லை.

எனக்கு அந்த அடை டாக்டர் ரூபத்தில் வந்தது. சர்க்கரை, தைராய்டு, ரத்தசோகை, பி12 எல்லாம் பார்க்கச் சொன்னார். சர்க்கரை ஏறியிருந்தது. நீங்களும் பாருங்கள். உடம்பின் குறையை ஆவிக்குரிய குறை என்று நினைத்து அழுதுகொண்டிருக்க வேண்டாம்.

அடுத்து, சபைப் பொறுப்பில் இருக்கும் இரண்டு மூப்பர்களைக் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னேன். ரோமன் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 533-ஆம் பிரிவில் பங்குத்தந்தைக்கு ஆண்டுக்கு ஒரு மாதம் வரை விடுமுறை உண்டு, வருடாந்திர தியான நாட்கள் அதில் சேராது. தேவகோட்டைப் பக்கத்து ஃபாதர் ஒருவர் சொல்லித்தான் எனக்கே தெரியும். அதைக் கமிட்டியில் வைத்தபோது, "கர்த்தர் லீவு எடுக்கிறாரா பாஸ்டர்?" என்று ஒருவர் கேட்டார். "ஏழாம் நாள் எடுத்தாரே அண்ணே" என்றாள் என் மனைவி. பேச்சு முடிந்தது.

அதன்பிறகு திங்கட்கிழமை என் போன் ஒரு மூப்பரிடம் இருக்கும். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் மாதத்தில் ஒரு ஞாயிறு செய்தி கொடுக்கிறார். என்னைவிடச் சுருக்கமாகப் பேசுவதால் அவருக்கு நல்ல பெயர். காணிக்கை கூடினாலும் குறைந்தாலும் மாதம் இவ்வளவு என்று என் சம்பளத்தையும் நிர்ணயித்தார்கள். பாதிச் சோர்வு பணக்கவலை என்பதை ஊழியக்காரர்கள் வெளியே சொல்லமாட்டோம். கூட்டத்தில் ஆள் குறைந்தால் நெஞ்சு அடித்துக்கொள்வது ஆத்தும பாரத்தால் மட்டுமல்ல.

கன்வென்ஷன் என்ற பெரிய எழுப்புதல் கூட்டத்துக்குப் போனால் சரியாகிவிடும் என்று நம்பாதீர்கள். எங்கள் செட்டிநாட்டில் ஊரணி வெட்டியவர்கள் அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலையும் சேர்த்தே வெட்டினார்கள். அது அடைபட்டுக் கிடந்தால் எவ்வளவு மழை பெய்தும் ஊரணிக்குள் தண்ணீர் சேராது. உங்கள் வாரம் மாறாதவரை எந்தக் கூட்டமும் உங்களை நிரப்பாது.

ஜெபத்தை வலிந்து பிடிக்காதீர்கள். பல மாதம் நான் சொந்தமாக ஒரு வார்த்தை ஜெபிக்கவில்லை. மனைவி ஒரு சங்கீதம் வாசிப்பாள், நான் ஆமென் சொல்வேன். அவ்வளவுதான்.

செத்துப்போகலாம் என்ற நினைப்பு வந்தால் அதை வெறும் சோர்வு என்று தள்ளிப்போடக் கூடாது. 14416, டெலி-மானஸ், அரசின் மனநல உதவி எண். இலவசம், தமிழில் பேசலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள். உள்ளூரில் மனநல மருத்துவரைப் பார்க்கக் கூச்சமாக இருந்தால் மதுரைக்கோ திருச்சிக்கோ போங்கள். நடுச்சாமத்தில் ஊருக்கெல்லாம் துணைக்குப் போனவருக்கு ஒருவரைத் துணைக்கு அழைக்கக் கூச்சம் என்ன?

இதெல்லாம் செய்து, உடம்பும் தூக்கமும் தேறிய பிறகும் விடத்தான் வேண்டும் என்று தோன்றினால் விடுங்கள், தவறில்லை. என்னோடு ஊழியத்தைத் தொடங்கிய நண்பர் ஒருவர் இப்போது பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில் கீபோர்டு வாசிக்கிறார். நல்லவேளையாக அவருக்கு டிரான்ஸ்ஃபர் இல்லாத வேலை.