ட்ரவுட் கிட்டே வந்து திரும்பிப் போவது ஏன்?

கேள்வி: சென்னைக் கடலோரத்தில் ஸ்பின்னிங் ராடு போட்டுப் பழகியவன் நான். போன ஏப்ரலில் இமாசலப் பிரதேசத்தின் தீர்த்தன் ஆற்றுக்கு ட்ரவுட் என்ற குளிர்நீர் மீனைப் பிடிக்கப் போனேன். 9 அடி, 5-ஆம் எண் ஃபிளை ராடு, அதாவது பூச்சி போலக் கட்டிய ‘ஃபிளை’ என்ற போலி இரையை வீசும் தூண்டில் கோல். வீசினால் லைன் காலடியிலேயே சுருண்டு விழுகிறது. சில நேரம் முதுகுக்குப் பின்னால் ‘டப்’பென்று சத்தம் கேட்டு, ஃபிளை காணாமல் போகிறது. அபூர்வமாக நன்றாக விழுந்தாலும், மீன் மேலே வந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறது. அக்டோபரில் மறுபடி போகிறேன். இன்னும் நல்ல ராடு வாங்கட்டுமா?

பதில்: வாங்க வேண்டாம். உங்கள் கை இன்னும் கடற்கரையில்தான் இருக்கிறது. ஸ்பின்னிங்கில் நுனியில் கட்டிய லூரின், அதாவது கனமான போலி இரையின் எடை பறந்துபோய் நரம்பை இழுத்துச் செல்லும். ஃபிளைக்கு எடையே கிடையாது. இங்கே லைன்தான் எடை. 5-ஆம் எண் லைன் என்றால் அதன் முதல் 30 அடி 140 கிரெய்ன், கிட்டத்தட்ட 9 கிராம் இருக்கும். நீங்கள் 15 அடி மட்டும் வெளியே விட்டு வீசினால் ராடு வளைவதற்குப் போதுமான பாரம் கிடைக்காது. வளையாத ராடை முரட்டுத்தனமாக வீசினால் லைன் காலடியில்தான் விழும். தீர்த்தன் போன்ற சிற்றாற்றில் தூர வீச்சுக்கு வேலையில்லை என்பதால், அதே ராடில் இன்னும் கனமான 6-ஆம் எண் லைன் போட்டுக்கொள்வதும் ஒரு வழி. செலவு செய்தே ஆக வேண்டும் என்றால் அதில் செய்யுங்கள்.

அந்த ‘டப்’ சத்தம் சாட்டை சொடுக்கும் சத்தமேதான். பின்னால் போன லைன் முழுதாக விரியும் முன்பே முன்னுக்கு இழுத்துவிடுகிறீர்கள். கடிகார முள் கணக்கில் 10 மணிக்கும் 1 மணிக்கும் நடுவே மட்டும் ராடு போய் வரட்டும். மணிக்கட்டை மடக்காதீர்கள். 1 மணியில் சட்டென்று நிறுத்தி, தலையைத் திருப்பி லைனைப் பாருங்கள். அது நீண்டு நேராகும் நொடியில் முன்னே கொண்டு வாருங்கள். ஃபிளைக்குப் பதில் சிறு கம்பளித் துணுக்கைக் கட்டிப் பழகலாம். மொட்டை மாடியில் வேண்டாம், சிமெண்ட் தரை லைனின் பூச்சைத் தேய்த்துவிடும். புல்தரை போதும்.

வீச்சு இரண்டு வாரத்தில் வந்துவிடும். மீன் திரும்பிப் போவதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. உங்களுக்கும் மீனுக்கும் நடுவே வேகமான நீரோட்டம் ஒன்று இருக்கும். லைனின் நடுப்பகுதி அதில் சிக்கி ஃபிளையை இழுக்கும். நிஜப் பூச்சி ஆற்றின் போக்கில்தான் வரும். இதுவோ சின்னக் கோடு கிழித்துக்கொண்டு ஓடும். ட்ரவுட்டுக்கு அது போதும். அடுத்த முறை ஃபிளைக்குப் பக்கத்தில் மிதக்கும் ஒரு நுரைக்குமிழியைக் கவனியுங்கள். இரண்டும் ஒரே வேகத்தில் வந்தால் சரி; ஃபிளை முந்தினாலோ பிந்தினாலோ லைன் இழுக்கிறது என்று அர்த்தம். ஃபிளை விழுந்த கையோடு ராடு நுனியால் லைனின் நடுப்பகுதியைத் தூக்கி ஆற்றின் மேற்பக்கமாகப் போடுங்கள். இதைத்தான் ‘மெண்டிங்’ என்கிறோம்.

பாறைகள் நிறைந்த இடங்களில் இதைவிட எளிய வழி, கிட்டே போவது. ட்ரவுட் நீரோட்டத்தை எதிர்த்து முகம் வைத்து நிற்கும். கீழ்ப்பக்கமிருந்து குனிந்து போனால் 20 அடி வரைகூட நெருங்கலாம். ராடை உயர்த்திப் பிடித்து, லீடர், அதாவது லைனையும் ஃபிளையையும் இணைக்கும் மெல்லிய நரம்பு மட்டும் தண்ணீரைத் தொடும்படி விடுங்கள். 9 அடி லீடர், அதன் நுனியில் ஃபிளையைக் கட்டும் மெல்லிய துண்டான டிப்பெட் 5எக்ஸ் அளவு, அதாவது 0.15 மி.மீ. தடிமன். 14-ஆம் எண் ஆடம்ஸ் என்ற மிதக்கும் ஃபிளைக்கு இது பொருத்தம். அதற்கும் வரவில்லையா? இன்னும் சிறிய 16-க்கு இறங்குங்கள். மேலே ஒன்றுமே எழவில்லை என்றால் ஃபெசன்ட் டெயில் நிம்ஃபை, அதாவது நீருக்கடியில் வாழும் இளம்பூச்சி போன்ற ஃபிளையை ஆழத்தில் விடுங்கள். ட்ரவுட் தின்பதில் பெரும்பகுதி தண்ணீருக்கு அடியில்தான். முடிச்சை இறுக்கும் முன் எச்சில் தொட்டு நனைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சூட்டில் டிப்பெட் பலமிழக்கும். முள்ளின் எதிர்க்கொக்கியை இடுக்கியால் நசுக்கிவிட்டால், விடப்போகும் மீனுக்குக் காயம் குறையும்.

அக்டோபர் நல்ல தேர்வு. பருவமழைக் கலங்கல் தெளிந்திருக்கும். ஆனால் நவம்பர் 1 முதல் பிப்ரவரி முடிய அங்கே ட்ரவுட் பிடிக்கத் தடை, எனவே பயணத்தை மாதக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். மாநில மீன்வளத் துறையின் உரிமத்தை ஆற்றில் இறங்கும் முன்பே வாங்கிவிடுங்கள்.