குறைந்த செலவில் கிடங்கு: எதில் தாராளம், எதில் சிக்கனம்?

கேள்வி: பல்லடம் அருகே விசைத்தறி நடத்துகிறேன். நூல் மூட்டைகளும் காடா துணியும் வைக்க 10,000 சதுர அடியில் கிடங்கு கட்டவிருக்கிறேன். பணம் அளவாகத்தான் இருக்கிறது. வெப்பமும் மின்செலவும் குறைய வேண்டும். கூரையில் சோலார் போடவும் எண்ணம். எதிலிருந்து தொடங்குவது?

பதில்: சோலாரைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள். பின்னாளில் மாற்ற முடியாதவை திசை, தரை, கூரை ஆகிய மூன்றுமே. கைப்பணம் முதலில் அவற்றுக்குப் போகட்டும்.

மனை இடம்கொடுத்தால் கட்டடத்தின் நீளவாக்கைக் கிழக்கு மேற்காக அமைத்துவிடுங்கள். காலை, மாலை வெயில் குறுகிய சுவர்களில் மட்டுமே விழும். இதற்குத் தனிச் செலவு கிடையாது. ஆனாலும் நம் பகுதியில் வெப்பத்தின் பெரும்பங்கு கூரை வழியாகவே இறங்குகிறது. வண்ணம் பூசிய தகட்டில் நீலத்துக்கும் வெள்ளைக்கும் விலையில் பெரிய வேறுபாடு இருக்காது என்பதால், பார்வைக்குப் பிடித்த நிறத்தை விட்டு வெள்ளையையே எடுங்கள். தகட்டுக்கு அடியில் மின்னும் படலம் ஒட்டிய காப்புத்தாள் விரித்தால், மின்னும் முகத்துக்கு எதிரே ஓர் அங்குலமாவது காற்றிடைவெளி இருக்க வேண்டும். அதை எதிலாவது அழுத்தி ஒட்டிவிட்டால் பயன் பெரிதும் குறைந்துவிடும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று உங்கள் ஊரில் இலவசமாகக் கிடைக்கிறது. மேற்கு, தெற்குச் சுவர்களின் தாழ்பகுதியில் வலையடித்த காற்றுத்திறப்புகளும், கூரை முகட்டில் வெளியேறும் வழியும் வையுங்கள். கீழே திறப்பு வைக்காமல் மேலே சுழலும் காற்றுப்போக்கிகளை மட்டும் மாட்டுவதைப் பல கிடங்குகளில் காணலாம். அவை சுற்றினாலும் உள்ளே காற்று போதிய அளவு நகராது.

கூரைப்பரப்பில் 3 முதல் 5 விழுக்காடு வரை ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட் தகடு போதும். அதற்கு மேல் போனால் வெளிச்சத்தோடு வெப்பமும் கூடும். அத்தகடுகள் நடைபாதைக்கு நேர்மேலே வரட்டும், சரக்கின் மேல் வேண்டாம். சாயமிட்ட நூல் வெயிலில் வெளுக்கும்.

இப்போது சோலார் கணக்குக்கு வருவோம். 100 வாட் எல்.இ.டி. விளக்குகள் இருபதைப் பத்து மணி நேரம் எரித்தாலும் நாளுக்கு 20 யூனிட்தான். 1 கிலோவாட் சோலாருக்குச் சுமார் 100 சதுர அடி வேண்டும். அது சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். ஆக 5 கிலோவாட்டே தாராளம். பகல் வெளிச்சம் கிடைத்தால் அதுவும் மிகுதி. தறிகளுக்கும் அதே இணைப்பு என்றால் மட்டுமே பெரிய அளவு பொருந்தும். எனினும், சதுர மீட்டருக்கு 15 கிலோ கூடுதல் சுமையைத் தாங்கும்படி எஃகுச் சட்டகத்தை இப்போதே வடிவமைக்கச் சொல்லுங்கள். பிறகு வலுப்படுத்துவதற்குச் செலவு பன்மடங்காகும்.

தரைக்கு அடியில் பாலித்தீன் விரிப்பு கட்டாயம், இல்லையேல் ஈரம் மேலேறி நூலைக் கெடுக்கும். மனை கரிசல் மண் என்றால் அதைத் தோண்டி எடுத்து நல்ல கிராவல் நிரப்பிய பிறகே கான்கிரீட் போடுங்கள். சரக்கேற்றும் மேடை லாரித் தளத்துக்கு இணையாக ஏறத்தாழ 4 அடி உயரம் இருக்கட்டும்.

மழைநீரையும் விடாதீர்கள்: ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர் பெய்தால், இக்கூரையில் விழும் நீரில் ஐந்தில் நான்கு பங்கைப் பிடித்தாலே சுமார் 4.5 லட்சம் லிட்டர் சேரும்.

விலைப்புள்ளிகளைச் சதுர அடி விலையை மட்டும் வைத்து ஒப்பிடாதீர்கள். தகட்டின் தடிமன் பூச்சோடு சேர்த்தா, பூச்சு நீங்கலாகவா என்பதையும், எஃகின் மொத்த எடையையும் எழுத்தில் வாங்குங்கள். விலை குறைத்துச் சொல்பவர் பெரும்பாலும் இவ்விரண்டில்தான் கைவைத்திருப்பார்.