இரண்டு சீட்டு, ஒரு தெருவிளக்கு: உள்ளாட்சித் தேர்தல் கேள்வி பதில்

2000, 2006, 2011, 2016, 2021 என்று ஐந்து உள்ளாட்சித் தேர்தல்களில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் வாக்குச்சாவடிகளில் வேலை பார்த்தவன் நான். ஒரு தவணை வார்டு குழுவிலும் உட்கார்ந்திருக்கிறேன். எந்தக் கட்சியிலும் உறுப்பினன் அல்ல. அடுத்த தேர்தல் 2026 நவம்பர் தொடக்கத்துக்கும் 2027 ஜனவரி இறுதிக்கும் இடையில் நடந்தாக வேண்டும் என்பது சட்டக் கணக்கு. அதை முன்னிட்டு டர்பனிலும் சுற்றியும் உள்ள நம் தமிழர் பலர் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். யாருக்கு வாக்களிப்பது என்று மட்டும் கேட்காதீர்கள்; என் மனைவிக்கே நான் சொன்னதில்லை.

பீனிக்ஸிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, ஒரே தேர்தலுக்கு ஏன் இரண்டு வாக்குச்சீட்டு? வார்டில் தோற்கிற கட்சிக்குப் போட்டால் வாக்கு வீண்தானே?

வீண் இல்லை தம்பி. இதைப் பட்டதாரிகள்கூடத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டர்பனை ஆளும் இத்தெக்வினி மாநகரசபையில் 2021 தேர்தலின்போது 222 இடங்கள், 111 வார்டுகள். பாதிப் பேர் வார்டிலிருந்து வருகிறார்கள். அங்கே அதிக வாக்கு வாங்கியவர் வெற்றி பெறுவார். மீதிப் பாதி கட்சிகள் கொடுத்த பெயர்ப்பட்டியலிலிருந்து விகிதாசார முறையில் வருகிறது. ஒரு சீட்டு வார்டு வேட்பாளருக்கு, மற்றது கட்சிக்கு.

கட்சிக்கு மொத்தம் எத்தனை இடம் என்று கணக்கிடும்போது இரண்டு சீட்டிலும் அது வாங்கிய வாக்குகளைச் சேர்த்தே எண்ணுகிறார்கள். ஒரு கற்பனைச் சபையை எடுத்துக்கொள்வோம். 20 இடங்கள், 10 வார்டுகள். நான்கு கட்சிகளுக்கு இரண்டு சீட்டிலுமாக விழுந்த வாக்குகள் 42,000. இதை 20 ஆல் வகுத்து ஒன்று கூட்டினால் 2,101. ஓர் இடத்தின் விலை அது. முதல் கட்சிக்கு 21,500 வாக்கு: 10 இடம். இரண்டாவதற்கு 13,000: 6 இடம். மூன்றாவதற்கு 5,400: 2 இடம். நான்காவதற்கு 2,100: ஒரு வாக்குக் குறைவால் ஒன்றுமில்லை. இப்போது 18 இடம் நிரம்பியது. மீதி இரண்டும் மிச்ச வாக்கு அதிகம் உள்ள கட்சிகளுக்குப் போகும். நான்காவது கட்சிக்கு 2,100 முழுவதும் மிச்சம், ஆகவே அதற்கு ஒன்று. மூன்றாவதற்கு 1,198 மிச்சம், அதற்கு இன்னொன்று. முடிவு 10, 6, 3, 1. முதல் கட்சி ஏற்கெனவே எட்டு வார்டுகளை வென்றிருந்தால் பட்டியலிலிருந்து அதற்கு இரண்டு பேர்தான் வருவார்கள். ஒரு வார்டும் வெல்லாத நான்காவது கட்சிக்கும் ஒரு நாற்காலி கிடைத்துவிட்டது.

குறைந்தபட்சம் இத்தனை சதவீதம் வாங்கியாக வேண்டும் என்ற தடையும் இங்கே கிடையாது. உன் வார்டில் உன் கட்சி மண்ணைக் கவ்வினாலும் அந்த வாக்கு மொத்தக் கணக்கில் ஏறுகிறது. சுயேச்சைக்குப் போட்ட வார்டு வாக்கு மட்டும் இந்தக் கணக்கில் சேராது. வீட்டில் சோறு ஆறுகிறது என்று ஒரு சீட்டை மட்டும் போட்டுவிட்டு நழுவுகிறவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் நார்த்டேலிலிருந்து: எங்களுக்கு மூன்று சீட்டு கொடுத்தார்களே, தவறா?

தவறில்லை. டர்பன் பெருநகரம், அதற்கு மேல் மாவட்டசபை கிடையாது. பீட்டர்மாரிட்ஸ்பர்க் அடங்கிய ம்சுண்டூசி ஒரு மாவட்டத்துக்குள் வருகிறது. மூன்றாவது சீட்டு மாவட்டசபைக்கு.

சாட்ஸ்வொர்த், வெஸ்ட்கிளிஃபிலிருந்து ஓர் ஐயா: சபையில் நம் இந்தியர் எத்தனை பேர்? நமக்கென்று ஒரு கட்சி இல்லாவிட்டால் யார் கேட்பார்கள்?

ஐயா, உங்கள் வயதுக்காரர்களுக்கு இந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். 1924 இல் நேட்டால் மாகாணம் கொண்டுவந்த சட்டம், நகராட்சி வாக்காளர் பட்டியலில் புதிதாக எந்த இந்தியரும் சேர முடியாதபடி கதவைச் சாத்தியது. மேகசின் பாரக்ஸ் என்ற நகராட்சித் தொழிலாளர் குடியிருப்பில் இருந்த நம் பெரியவர்களை நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் தமிழரும் தெலுங்கருமாக, டர்பன் தெருக்களைப் பெருக்கியவர்கள், குப்பை அள்ளியவர்கள். சம்பளம் கொடுத்த நகரசபையில் அவர்களுக்கு ஒரு வாக்கு இல்லை. 1960களில் அவர்களையும் கேட்டோ மேனர் மக்களையும் பெயர்த்து சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து வைத்தபோதும் யாரும் கேட்கவில்லை. நிறவெறி அரசு ஏற்படுத்திய உள்ளூர் விவகாரக் குழுக்களுக்கு ஆலோசனை சொல்லத்தான் அதிகாரம். டர்பன் இருக்கும் குவாசூலு நேட்டால் மாகாணத்தில் எல்லோரும் சமமாக வாக்களித்த முதல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 1996 ஜூன் 26 அன்று. இடையில் 72 ஆண்டு.

அந்த வெற்றிடத்தில்தான் 1993 இல் அரசியல்வாதி அமிச்சந்த் ராஜ்பன்சி, பெரும்பாலும் இந்தியர் ஆதரவை நம்பிய மைனாரிட்டி ஃபிரன்ட் கட்சியைத் தொடங்கினார். ஒரு காலத்தில் சாட்ஸ்வொர்த்தில் வார்டுகளையே வென்ற கட்சி. 2011 டிசம்பரில் அவர் இறந்த பிறகு அது தேய்ந்தது.

சிறு கட்சிக்கு மதிப்பே இல்லை என்று சொல்லமாட்டேன். 2021 இல் ஆப்பிரிக்க தேசியக் காங்கிரஸுக்கு 222 இல் 96 இடம்தான் கிடைத்தது. பெரும்பான்மைக்கு 112 வேண்டும். மேயரைச் சபைதான் தேர்ந்தெடுக்கிறது. அன்று சிறு கட்சிகள் ஆதரித்ததால்தான் மேயர் வந்தார். ஒரு சிறு கட்சித் தலைவர் துணை மேயர் நாற்காலியிலேயே அமர்ந்தார். ஆனால் அப்படிப் பேரம் பேசிப் பெற்ற பதவியால் உங்கள் தெருவில் கால்வாய் அடைப்பு நீங்குமா என்பது வேறு கேள்வி. நான் பார்த்தவரை, நம் பெயருள்ள கவுன்சிலர்களில் கெட்டிக்காரரும் உண்டு, மாலை போட்டுக்கொள்ள மட்டும் வருகிறவரும் உண்டு. மற்றவர்களும் அப்படியே.

கிராஸ்மூரிலிருந்து: எங்கள் வார்டில் பாட்டில்பிரஷ் குடிசைப் பகுதியும் சேர்ந்திருக்கிறது. எங்கள் வரிப்பணம் அங்கே போகிறது. வார்டைப் பிரிக்கச் சொல்ல முடியாதா?

வார்டு எல்லையை வகுப்பது எல்லை நிர்ணய வாரியம். ஒவ்வொரு வார்டிலும் வாக்காளர் எண்ணிக்கை சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது என்பது விதி. ஒவ்வொரு தேர்தலுக்கு முன்பும் வரைவு வரைபடம் வெளியிட்டு ஆட்சேபம் கேட்பார்கள். கோயில் ஓரிடம், அதன் பக்தர்கள் வேறு வார்டு என்று காரணம் காட்டி எழுதலாம், அது செல்லும். அவர்களோடு இருக்க எங்களுக்குப் பிடிக்கவில்லை என்று எழுதினால் செல்லாது, செல்லவும் கூடாது. 2021 ஜூலைக் கலவரத்தில் டர்பன் எரிந்ததையும் பீனிக்ஸில் இனப் பதற்றத்தில் உயிர்கள் போனதையும் பார்த்த பிறகும் மதில் எழுப்புகிற யோசனை வருகிறதே என்றுதான் எனக்கு வருத்தம். 2022 ஏப்ரல் வெள்ளம் ஓட்டுவீடு, தகரவீடு என்று பார்த்தா வந்தது? கால்வாய் இரண்டு பகுதிக்கும் ஒன்றுதான். இரண்டு பகுதியும் சேர்ந்து மனு கொடுத்தால் கவுன்சிலருக்குத் தட்டிக்கழிக்க இடமிருக்காது.

மெரேபேங்கிலிருந்து ஓர் அம்மா: எங்கள் கவுன்சிலர் தொலைபேசியை எடுப்பதே இல்லை. பதவியிலிருந்து திரும்ப அழைக்க வழி உண்டா?

வாக்காளர் திரும்ப அழைக்க இந்த நாட்டில் வழியில்லை அம்மா. ஆனால் அவர் வரவேண்டிய மூன்று கூட்டங்களுக்குத் தொடர்ந்து வராமலிருந்தால் பதவி போய்விடும். கட்சி அவரை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கினாலும் போகும். அப்போது 90 நாளுக்குள் இடைத்தேர்தல். நடத்தை விதியை மீறினார் என்றால் மாநகரசபைச் சபாநாயகருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். தொலைபேசியை எடுக்காதது அந்தக் கணக்கில் வராது. விகிதாசார கவுன்சிலர்களையும் கட்சிகள் வார்டுகளுக்கு ஒதுக்கிவைத்திருக்கும், அவர்களைப் பிடியுங்கள். அடுத்த தேர்தலில் அந்த வார்டு தங்களுக்குக் கிடைக்கவேண்டும் என்ற ஆசையில் ஓடி வருவார்கள்.

பேவியூவிலிருந்து: ஆர்.கே. கான் மருத்துவமனையில் கூட்டம் தாங்கவில்லை. கவுன்சிலர் என்ன செய்கிறார்?

ஒன்றும் செய்ய முடியாது. மருத்துவமனை, பள்ளிக்கூடம் மாகாண அரசின் கையில். காவல் நிலையம் தேசிய அரசின் கையில். தண்ணீர், மின்விநியோகம், குப்பை, தெரு, மழைநீர்க் கால்வாய், நூலகம், மாநகராட்சியின் சொந்தக் காவல்படையான மெட்ரோ போலீஸ்: இவற்றுக்குக் கவுன்சிலரைக் கேளுங்கள்.

டோங்காட்டிலிருந்து ஓர் அக்கா: ஐந்து வருடத்துக்கு ஒரு நாள் வரிசையில் நிற்கிறோம். மற்ற நாட்களில் நாம் செய்ய ஏதாவது இருக்கிறதா?

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தேன்.

நகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1 இல் தொடங்குகிறது. அதற்கு 90 நாள் முன்னதாக, அதாவது ஏப்ரல் பிறப்பதற்குள், வரைவு பட்ஜெட்டைச் சபையில் வைத்தாக வேண்டும். அதன் பிறகு மே வரை மக்கள் கருத்துக் கேட்பு. ஐந்தாண்டு மேம்பாட்டுத் திட்டத்தையும் வருடாவருடம் அப்போதுதான் திருத்துகிறார்கள். எந்தத் தெருவுக்குத் தார், எந்தப் பகுதிக்குக் குழாய், தண்ணீர் கட்டணம் எவ்வளவு ஏறும் என்பதெல்லாம் அந்த இரண்டு மாதத்தில் முடிவாகிறது. அந்தக் கூட்டங்களுக்கு யார் வருகிறார்கள்? நான் போன ஒரு கூட்டத்தில் நாற்காலிகளை எண்ணினேன், ஆட்களை எண்ண வேண்டிய தேவை வரவில்லை. அதே ஏப்ரலில், ஈஸ்டர் விடுமுறையில் மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலில் கால் வைக்க இடமிருக்காது. அந்தப் பக்தர்களில் நூற்றுக்கு ஒருவர் பட்ஜெட் கூட்டத்துக்கு வந்தால் போதும், அதிகாரிகள் கூடுதல் நாற்காலி தேடுவார்கள். ஆத்தா கோபித்துக்கொள்ள மாட்டாள்.

அடுத்தது வார்டு குழு. கவுன்சிலர் தலைவர், அவரைத் தவிர பத்துப் பேர் வரை இருக்கலாம். கட்சிக்காரராக இருக்க வேண்டியதில்லை. பெண்களுக்கு நியாயமான இடம் வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. தேர்தல் முடிந்த சில மாதங்களில் குழுவுக்கு ஆள் எடுப்பார்கள். அந்த அறிவிப்பு நூலகச் சுவரில் ஒட்டியிருக்கும், யாரும் படிக்கமாட்டார்கள். குழுவுக்கு ஆணையிடும் அதிகாரம் கிடையாது. ஆனால் குழுவில் பேசினது குறிப்பேட்டில் ஏறும். ஏறியதைப் பிறகு கேட்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

என் அசட்டுத்தனம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் முனையில் ஒரு தெருவிளக்கு அணைந்துபோனது. மூன்று மாதம் ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து முழங்கினேன். ஒரு நாள் எழுத்தர் அம்மா மெதுவாக, "புகார் எண் என்ன?" என்று கேட்டார். என்னிடம் எண்ணே இல்லை; புகாரைப் பதிவு செய்ததே இல்லை. பக்கத்து வீட்டுப் பையன் பத்து நிமிடத்தில் பதிவு செய்து எண்ணை வாங்கினான். அந்த வாரமே விளக்கு எரிந்தது. இன்றும் அவன் அதன் கீழே நின்றுதான் என்னைப் பார்த்துச் சிரிக்கிறான்.

ஷால்கிராஸிலிருந்து ஓர் இளைஞர்: சுயேச்சையாக நிற்க என்ன வேண்டும்?

பதினெட்டு வயது, குடியுரிமை, அந்த மாநகராட்சி எல்லைக்குள் குடியிருப்பும் வாக்காளர் பதிவும், வார்டு வாக்காளர்கள் 50 பேரின் கையெழுத்து, வைப்புத்தொகை. சுயேச்சை வார்டில் மட்டும்தான் நிற்கலாம், விகிதாசாரப் பட்டியல் அவருக்கு இல்லை. மாமா, சித்தப்பா, கோயில் நண்பர்கள் என்று கையெழுத்து எளிதில் சேரும். ஆனால் அவர்கள் பெயர் அந்த வார்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொள்.

ஐசிபிங்கோவிலிருந்து: பாட்டிக்கு 84 வயது, நடக்க முடியாது, தமிழ் மட்டும்தான் படிப்பார். வாக்களிக்க முடியுமா?

வீட்டுக்கே வந்து வாக்கு வாங்கும் சிறப்பு வாக்கு இருக்கிறது. குறித்த தேதிக்குள் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். சீட்டு தமிழில் வராது. நம் அரசியல் சட்டத்தின் ஆறாவது பிரிவு தமிழைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது, மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளில் ஒன்று என்று. ஆட்சிமொழி என்று அல்ல. பாட்டி கட்சிச் சின்னத்தைப் பார்த்துக் குறியிடலாம். சீட்டைப் படிக்க முடியாதவர் கேட்டால் அலுவலர் உதவியாக வேண்டும். ஒரு சாவடியில் ஒரு பாட்டி என்னிடம், "நீயே நல்லவனாகப் பார்த்துப் போட்டுவிடு ராசா" என்றார். அதற்குத்தான் எனக்கு அனுமதி இல்லை.

அவர் வீடு மாறியிருந்தால் முகவரியையும் மாற்றுங்கள். உள்ளாட்சித் தேர்தலில் பதிவான சாவடியில் மட்டுமே வாக்கு. தேர்தல் தேதி அரசிதழில் வெளியான அன்றே பட்டியல் மூடிவிடும்.

மறுபடி வெஸ்ட்கிளிஃப் ஐயா: தைப்பூசக் காவடிக்குத் தெருவை அடைக்க வேண்டும். கவுன்சிலர் சொன்னால் போதுமா?

போதாது. மாநகராட்சிக்கும் மெட்ரோ போலீஸுக்கும் எழுத்தில் விண்ணப்பம் வேண்டும். கவுன்சிலரின் ஆதரவுக் கடிதம் அதோடு இருந்தால் வேகமாக நகரும். பொங்கலுக்குப் பிறகு ஓடாதீர்கள், புரட்டாசி விரதம் முடிந்ததுமே தொடங்குங்கள்.

கடைசியாக, பெயர் சொல்ல விரும்பாத ஒருவர்: எங்கள் கோயில் மண்டபம்தான் வாக்குச்சாவடி. மகள் கல்யாணத்துக்கு அதே மண்டபத்தை ஒரு ஞாயிறுக்குப் பதிவு செய்திருக்கிறேன். தேர்தல் வார நாளில்தானே வரும், சிக்கல் இல்லையே?

சிக்கல் வரலாம். 2021 இல் தேர்தல் நவம்பர் 1, திங்கட்கிழமை. சிறப்பு வாக்கு அதற்கு முந்தைய சனி, ஞாயிறு. அந்த இரண்டு நாளும் மண்டபங்கள் வாக்குப் பெட்டிகளோடு இருந்தன; அதே வாரம் வியாழன் தீபாவளி வேறு. தேதி அறிவித்த அன்றே கோயில் கமிட்டிச் செயலாளரைப் பிடித்து, மண்டபத்தை எந்தெந்த நாளுக்குக் கேட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அழைப்பிதழை அதுவரை அச்சுக்குக் கொடுக்காதீர்கள்.