வாசகர் கேள்வி – பதில்: மீட்புப் பணியில் பயிற்சியாளருக்கு என்ன வேலை?

ஆள்கடத்தலுக்கும் கொத்தடிமை முறைக்கும் எதிராக இயங்கும் பன்னாட்டு அமைப்புகளில் தன்னார்வலராகவோ பயிற்சியாளராகவோ சேர்வது பற்றி வந்த கடிதங்களில் ஐந்துக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: நான் சட்டக் கல்லூரியில் நான்காம் ஆண்டு படிக்கிறேன். கொத்தடிமைத் தொழிலாளர் மீட்பில் ஈடுபடும் இன்டர்நேஷனல் ஜஸ்டிஸ் மிஷன் போன்ற அமைப்பில் மூன்று மாதம் பயிற்சி பெற ஆசை. மீட்பு நடக்கும் இடத்துக்கு அழைத்துச் செல்வார்களா? ஆங்கிலம் எனக்குச் சரளமாக வராது, அது தடையாகுமா? (சட்ட மாணவி, திருச்சி)

நீங்கள் குறிப்பிடும் அமைப்பு, ருவாண்டா இனப்படுகொலை பற்றிய ஐ.நா. விசாரணையில் பணியாற்றிய அமெரிக்க வழக்கறிஞர் கேரி ஹாகன் 1997-ல் தொடங்கியது. கிறிஸ்தவ நம்பிக்கையின் அடிப்படையில் உருவானது என்பதைச் சேருமுன் நீங்கள் அறிந்திருப்பது நல்லது. சென்னையில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக, கொத்தடிமை ஒழிப்பில் அரசு அதிகாரிகளோடு இணைந்து பணியாற்றி வருகிறது. ஆனால் எந்த அமைப்பாக இருந்தாலும், மீட்கும் அதிகாரம் அதற்குக் கிடையாது. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டப்படி அந்த அதிகாரம் மாவட்ட ஆட்சியருக்கும் அவர் பணிக்கும் அலுவலருக்கும் உரியது. நடைமுறையில் பெரும்பாலும் கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோ வருவார். தகவல் சேகரிப்பதும், மனு எழுதுவதும், விசாரணையின்போது தொழிலாளர்களுக்குத் துணையாக நிற்பதும், விடுவிப்புச் சான்றிதழ் கைக்கு வரும்வரை அலுவலகத்துக்கு நடையாய் நடப்பதுமே அமைப்புகளின் வேலை. ஆகவே மூன்று மாதப் பயிற்சியாளரைச் சோதனை நடக்கும் இடத்துக்கு அழைத்துச் செல்ல மாட்டார்கள். அழைத்துச் செல்லவும் கூடாது என்பதே என் கருத்து. ஆலை முதலாளியின் ஆட்கள் சூழ்ந்து நிற்கும் களத்தில் பழக்கமில்லாத ஒருவர் இருந்தால், தொழிலாளர்களின் பாதுகாப்புக்காகக் கொடுக்க வேண்டிய கவனத்தில் பாதி அவருக்கே போய்விடும்.

ஆங்கிலத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். தலைமையகத்துக்கு அறிக்கை எழுத அது தேவைதான். எழுத எழுத வந்துவிடும். தமிழை, அதிலும் எதிரே அமர்ந்திருப்பவரின் தமிழைக் காது கொடுத்துக் கேட்கத் தெரிந்தவர்கள்தான் இந்தத் துறையில் கிடைப்பதில்லை. நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். வட மாவட்டம் ஒன்றின் கோட்டாட்சியர் அலுவலகத் தாழ்வாரத்தில், அரிசி ஆலையிலிருந்து அன்று காலை அழைத்து வரப்பட்ட இருளர் குடும்பம் ஒன்று அமர்ந்திருந்தது. இரவெல்லாம் நெல் அவித்துப் பகலெல்லாம் களத்தில் காயவைத்ததில் எழுந்த உமித்தூசி அந்தப் பெண்ணின் தலைமுடியில் அப்படியே படிந்திருந்தது. பயிற்சியாளர் ஒருவர் வாக்குமூலப் படிவத்தை வைத்துக்கொண்டு, "எந்த வருஷம் இங்க வேலைக்கு வந்தீங்க?" என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் "தெரியலம்மா" என்ற பதிலே வந்தது. படிவத்தில் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போகவிருந்தவரை, பக்கத்தில் இருந்த மூத்த களப்பணியாளர் நிறுத்தி, தானே கேட்டார்: "மில்லுக்கு வரும்போது பெரிய பாப்பா கையில இருந்துச்சா, வயித்துல இருந்துச்சா?" அந்தப் பெண் சற்றும் யோசிக்காமல், "வயித்துல" என்றார். பெரிய பாப்பா அப்போது தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு தாழ்வாரத்தில் நடந்துகொண்டிருந்தாள். முன்பற்கள் இரண்டும் விழுந்திருந்தன. ஆறு ஆண்டுகள் என்று படிவத்தில் ஏறியது.

அதே படிவத்தில் இன்னொரு பிழையும் இருந்தது. "முன்பணம் பெற்றுக்கொண்டு தன் விருப்பத்தின் பேரில் வேலைக்கு வந்தார்" என்று அந்தப் பயிற்சியாளர் நல்ல தமிழில் எழுதியிருந்தார். முன்பணத்தை யாரும் கழுத்தில் கத்தி வைத்துக் கொடுப்பதில்லை; மருத்துவச் செலவுக்கோ காதுகுத்துக்கோ அவர்களே கேட்டுத்தான் வாங்குகிறார்கள். வாங்கிய பிறகு என்ன ஆயிற்று என்பதையே சட்டம் பார்க்கிறது: குறைந்தபட்சக் கூலி கிடைத்ததா, வேறு இடத்தில் வேலை தேட முடிந்ததா, விரும்பியபடி வெளியே போய்வர முடிந்ததா, தன் உழைப்பையோ விளைவித்த பொருளையோ சந்தை விலைக்கு விற்க முடிந்ததா. கடனுக்காக இவற்றுள் ஏதேனும் ஒன்றை இழந்திருந்தாலும் அவர் கொத்தடிமைதான். அந்தக் குடும்பத்தில் பாட்டியின் சாவுக்குப் போகக் கணவனுக்கு மட்டும் ஒருநாள் அனுமதி கிடைத்தது. அவர் திரும்பி வரும்வரை மனைவியும் குழந்தைகளும் பிணையாக ஆலையிலேயே இருந்தார்கள். இது வாக்குமூலத்தில் இல்லை, "விருப்பத்தின் பேரில்" என்பது இருந்தது. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஆண்டுக்கணக்கில் வாதாடலாம். வாங்கியது கொத்தடிமைக் கடன் அன்று என்று நிரூபிக்கும் பொறுப்பைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு கடன் கொடுத்தவர் மீதுதான் வைக்கிறது. ஆனாலும் நம் கையால் எழுதிய தாளே நமக்கு எதிராக நிற்க விடலாமா?

சட்ட மாணவி என்பதால் ஒன்று சொல்கிறேன். 1983 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கு, ஃபரீதாபாத் பகுதியின் கல்குவாரித் தொழிலாளர்கள் பற்றி நீதிமன்றத்துக்கு எழுதப்பட்ட ஒரு கடிதத்தில் தொடங்கியது. நீதிமன்றம் நியமித்த வழக்கறிஞர்கள் குவாரிகளுக்கே சென்று தொழிலாளர்களிடம் கேட்டு எழுதி வந்த அறிக்கை அதற்கு அடித்தளமாயிற்று. சேருமுன் அந்தத் தீர்ப்பை முழுவதுமாகப் படித்துவிடுங்கள். மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தையும் படியுங்கள். உடனடி உதவி 30,000 ரூபாய் வரை. அதன்பின் ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், பாலியல் சுரண்டல் போன்ற கொடுமைகளிலிருந்து மீட்கப்பட்டோருக்கு 3 லட்சம் ரூபாய் எனத் திட்டம் வகுத்திருக்கிறது. இந்தப் பெரிய தொகையைக் குற்றவாளிக்குத் தண்டனை கிடைப்பதோடு இணைத்திருப்பதால், வழக்கு இழுத்தடிக்கும் காலமெல்லாம் அந்தக் குடும்பம் எதைக் கொண்டு வாழும் என்ற கேள்வி எழுகிறது. மீண்டும் ஒரு முன்பணத்தை நோக்கி அவர்கள் போய்விடாமல் குடும்ப அட்டை, சாதிச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, பள்ளிச் சேர்க்கை என்று ஒவ்வொன்றாக வாங்கிக் கொடுக்கும் வேலையில்தான் உங்கள் மூன்று மாதங்களில் பெரும்பகுதி கழியும். அந்த வேலைக்கு மனமுவந்து போக முடியுமானால் விண்ணப்பியுங்கள்.

கேள்வி: கம்போடியாவில் ஆள்கடத்தல் தடுப்பு அமைப்பில் தன்னார்வப் பணி வாங்கித் தருவதாக ஒரு முகவர் சொல்கிறார். 65,000 ரூபாய் கட்டினால் போதும், சுற்றுலா விசாவில் போய்விட்டு அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். நம்பலாமா? (பொறியியல் பட்டதாரி, மதுரை)

பணம் கட்டாதீர்கள், கட்டியிருந்தால் பயணத்தை நிறுத்துங்கள். ஐ.நா. அமைப்புகள் விண்ணப்பம், நேர்காணல், பயிற்சி என எந்தக் கட்டத்திலும் கட்டணம் வாங்குவதில்லை. சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்ற பேச்சைக் கேட்டுப் போன நம் இளைஞர்கள் பலர், தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பி மியான்மரின் மியாவடியில் இணையமோசடிக் கும்பல்களிடம் சிக்கிக்கொண்டார்கள். அவர்களில் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள் சிலரை 2022-ல் மீட்டு அழைத்து வந்தனர். கம்போடியாவிலும் இதே வகையான மோசடி முகாம்கள் உள்ளன. போய்ச் சேர்ந்ததும் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வதும், செய்த செலவைத் திருப்பித் தந்துவிட்டுப் போ என்பதும்தான் அங்கே நடக்கும் முறை. நெல் அவிக்கும் களத்தில் முன்பணம் செய்யும் வேலையை அங்கே பயணச்செலவு செய்கிறது. அந்த முகவரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் காவல்துறையிடம் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு 17 வயது. பள்ளியின் தன்னார்வச் சேவை மணிக்கணக்குக்காக, கோடை விடுமுறையில் இரண்டு வாரம் நேபாளத்தில் கடத்தலிலிருந்து மீட்கப்பட்ட குழந்தைகளின் இல்லத்தில் பணியாற்ற ஆசைப்படுகிறாள். அனுப்பலாமா? (வாசகி, டொராண்டோ)

உங்கள் மகளின் மனத்தை மதிக்கிறேன், ஆனாலும் அனுப்ப வேண்டாம் அம்மா. நேபாளத்தின் மலை மாவட்டங்களிலிருந்து, படிக்க வைக்கிறோம் என்று பெற்றோரிடம் சொல்லிக் குழந்தைகளைக் காத்மாண்டுவுக்கு அழைத்து வந்து, ஆவணங்களில் பெற்றோர் இறந்துவிட்டதாக எழுதி, இல்லங்களில் வைத்து வெளிநாட்டவரிடம் நன்கொடை வாங்கிய கதை நீண்டது. பார்க்க வருகிறவர்கள் கூடக்கூட, காட்டுவதற்குக் குழந்தைகளின் தேவையும் கூடியது. தாயோ தந்தையோ உயிரோடிருக்கும் குழந்தைகள்தான் அந்த இல்லங்களில் மிகுதி. கம்போடியாவிலும் இதே நிலை கண்டறியப்பட்டது. 2018-ல் ஆஸ்திரேலியா நவீன அடிமைமுறைச் சட்டம் கொண்டுவந்த காலத்தில், அநாதை இல்லங்கள் வழியாக நடக்கும் இந்தக் கடத்தல் அந்நாட்டு நாடாளுமன்றத்திலேயே பேசுபொருளாயிற்று.

நேர்மையான இல்லமாகவே இருந்தாலும், இரண்டு வாரம் அன்பு காட்டிவிட்டுப் போகும் அக்காக்கள் மாறி மாறி வந்தால், ஏற்கெனவே கைவிடப்பட்ட குழந்தை திரும்பத் திரும்பக் கைவிடப்படுகிறது. உண்மையான இல்லம் பதினேழு வயதுப் பெண்ணை உள்ளே விடாது. வயது வந்தவரிடமும் காவல்துறைச் சான்றிதழ் கேட்கும், குழந்தைப் பாதுகாப்பு விதிகளில் கையொப்பம் வாங்கும், முன்னர் பணியாற்றிய இடத்தில் விசாரிக்கும். உங்களைப் பற்றி எதுவும் கேட்காமல் கதவைத் திறக்கும் இல்லம், வேறு யாருக்கும் அப்படித்தான் திறக்கும் என்பதை மனத்தில் கொள்ளுங்கள்.

உங்கள் ஊரிலேயே அகதிகளுக்கும் புதிதாகக் குடியேறியோருக்கும் உதவும் அமைப்புகளில் மொழிபெயர்ப்பு, வீட்டுப்பாட உதவி போன்ற பணிகளை அவள் செய்யலாம். 18 வயதானதும் ஐ.நா. தன்னார்வலர் திட்டத்தின் இணையவழித் தன்னார்வப் பணிக்குப் பதிவு செய்துகொள்ளலாம்.

கேள்வி: சமூகப்பணியில் முதுகலை முடிக்கப்போகிறேன். பன்னாட்டு அமைப்புகளில் பயிற்சிக்கு உதவித்தொகை உண்டா? (மாணவர், கோயம்புத்தூர்)

இடத்துக்கு இடம் மாறும். வியன்னாவிலுள்ள போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகம் ஐ.நா. செயலகத்தைச் சேர்ந்தது, செயலகப் பயிற்சிகளுக்கு ஊதியம் இல்லாமலிருப்பதே நெடுநாள் வழக்கம். பயணமும் தங்குமிடமும் உங்கள் செலவு என்பதால், வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கே அது எளிதாகக் கைகூடுகிறது. இந்த அநீதியை நான் சொல்லாமல் விட முடியாது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு பயிற்சியாளர்களுக்கு உதவித்தொகை தருகிறது. கடன் வாங்கி வியன்னா போவதைக் காட்டிலும், நம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலோ உள்ளூர்த் தொண்டு நிறுவனத்திலோ ஓராண்டு பணியாற்றிவிட்டு விண்ணப்பித்தால் உங்கள் விண்ணப்பத்துக்குத் தனி மதிப்பு இருக்கும்.

கேள்வி: பயிற்சியின்போது, மீட்கப்பட்ட சிறுமி ஒருத்தியோடு எடுத்துக்கொண்ட படத்தை, அவள் முகத்தை மறைத்து இன்ஸ்டாகிராமில் போட்டேன். அமைப்பினர் கண்டித்து நீக்கச் சொன்னார்கள். நல்லெண்ணத்தில் செய்தது தவறா? (பெயர் வேண்டாம்)

தவறுதான். உங்கள் எண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவும், போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவும் குழந்தையை அடையாளம் காட்டக்கூடிய எந்த விவரத்தையும் வெளியிடுவதைத் தடை செய்கின்றன. முகத்தை மட்டும் மறைத்தால் போதாது. அவள் உடுத்தியிருந்த பாவாடையை அவளுடைய ஊர் அறியும், பின்னாலிருக்கும் சுவரை அவளைத் தேடுகிறவன் அறிவான், உங்கள் பதிவில் ஊர்ப்பெயர் இல்லாவிட்டாலும் அன்றைய தேதி இருக்கிறது. வழக்கு நடக்கும் காலத்தில் சாட்சியாக நிற்க வேண்டிய சிறுமி அவள். இன்று சம்மதித்துச் சிரித்தவளுக்கு, இருபது வயதில் அந்தப் படம் எங்கோ கிடைக்கும்போது சம்மதம் இருக்குமா என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

பதிவை நீக்கியிருப்பீர்கள். கைப்பேசியிலும், அதன் இணையச் சேமிப்பிலும், நண்பர்களுக்கு அனுப்பிய வாட்ஸ்அப் உரையாடல்களிலும் இருப்பதையும் அழித்துவிடுங்கள். யார் யாருக்கு அது போயிற்று என்பதை மறைக்காமல் எழுதி, அமைப்பின் குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். அவளை வேறு இல்லத்துக்கு மாற்ற வேண்டியிருக்குமா என்று அவர்கள் முடிவு செய்ய அந்தப் பட்டியல் தேவைப்படும்.