தம்பி ஏன் வேண்டாம் என்கிறான்?

அன்புள்ள ஐயா,

நான் ஐந்தாம் வகுப்புக்கு மொழிப்பாடம் எடுக்கிறேன். படிக்கிறவரை இணங்க வைப்பதுபோல் எழுதக் கற்றுக்கொடுப்பது இந்தப் பருவத்துப் பாடம். வெறும் கட்டுரையாக வேண்டாமே என்று, சத்தான ஓர் உணவுக்கு விளம்பரம் எழுதச் சொன்னேன். பிள்ளைகள் ஆசையாகத்தான் எழுதினார்கள். ஆனால் 32 நோட்டிலும் ஒரே விளம்பரம். “கேரட் சாப்பிடுங்கள், கண்ணுக்கு நல்லது. கீரை சாப்பிடுங்கள், உடம்புக்கு நல்லது.” கொஞ்சம் துணிச்சலான நான்கைந்து பேர் மட்டும் “இந்த ஆப்பிளைச் சாப்பிட்டால் பறக்கலாம்” என்று எழுதியிருந்தார்கள். அதைத் திருத்தப் போனபோது ஒரு பையன், “விளம்பரம்னாலே பொய்தானே டீச்சர்?” என்று கேட்டுவிட்டான். எனக்குப் பதில் வரவில்லை. பிள்ளைகளை விளம்பரம் எழுதச் சொல்வதே தப்போ என்றுகூட இப்போது தோன்றுகிறது. இதற்கெல்லாம் எதை வைத்து மதிப்பெண் போடுவது என்றும் புரியவில்லை. நீங்கள் பிள்ளைகளுக்கு எழுத்துப் பயிற்சி நடத்துகிறவர் என்பதால் கேட்கிறேன்.

அன்புடன்,
ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

தப்பே இல்லை, விட்டுவிடாதீர்கள். அந்தப் பையன் கேட்ட கேள்விக்குப் பிறகு வருகிறேன், உங்கள் கடிதத்தில் என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது அதுதான். முதலில் அந்த 32 நோட்டுகள்.

பிள்ளைகள் எழுதத் தெரியாமல் அப்படி எழுதவில்லை. யாருக்கு எழுத வேண்டும் என்று நாம் சொல்லவில்லை, அதனால் அவர்கள் நமக்கு எழுதிவிட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் பெரியவர்கள் அவர்களிடம் என்ன சொல்கிறார்களோ அதை அப்படியே நமக்குத் திருப்பித் தந்திருக்கிறார்கள். ‘உடம்புக்கு நல்லது’ என்ற வாக்கியம் இதுவரை தங்களை ஒரு வாய்கூடக் கூடுதலாகச் சாப்பிட வைத்ததில்லை என்பது அவர்களுக்கே நன்றாகத் தெரியும், ஆனாலும் எழுதினார்கள், ஏனென்றால் ‘சத்தான’ என்ற சொல்லை நாம் கேள்வியிலேயே வைத்துவிட்டோம்.

அந்தச் சொல் எடுபடாது என்பதற்கு ஆய்வே இருக்கிறது. 2014இல் வெளியான ஓர் ஆய்வில் 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு படக்கதை சொன்னார்கள், கதையில் ஒரு சிறுமி ஒரு தின்பண்டம் சாப்பிடுகிறாள். சில பிள்ளைகளுக்கு அதனால் அவளுக்கு வலு வந்தது என்று கதை, சிலருக்கு அதனால் அவள் எண்ணக் கற்றுக்கொண்டாள் என்று கதை, மற்றவர்களுக்குப் பயன் எதுவும் சொல்லவில்லை. அப்புறம் அதே பண்டத்தை முன்னால் வைத்தால், பயனைக் கேட்ட பிள்ளைகள்தான் குறைவாகச் சாப்பிட்டார்கள். பிஸ்கட்டுக்கும் அப்படித்தான், கேரட்டுக்கும் அப்படித்தான். நாம் ‘நல்லது’ என்று சொன்னதும் ‘அப்படீன்னா ருசியா இருக்காது’ என்றுதான் அவர்கள் காதில் விழுகிறது.

பெரியவர்களும் இதில் ரொம்ப வித்தியாசமில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் உணவகம் ஒன்றில் காய்கறிக்கு நாளுக்கு ஒரு விதமாகப் பெயர்ச்சீட்டு வைத்துப் பார்த்தார்கள், சமையலில் எந்த மாற்றமும் இல்லை, 2017இல் முடிவை வெளியிட்டார்கள். ருசியை எடுத்துச் சொல்லும் பெயர் இருந்த நாட்களில், வெறும் காயின் பெயர் மட்டும் இருந்த நாட்களைவிட 25 சதவீதம் அதிகம் பேர் அதை எடுத்துக்கொண்டார்கள். ‘சர்க்கரை சேர்க்காதது’ என்ற மாதிரி உடல்நலத்தைச் சொன்ன பெயர்களோடு ஒப்பிட்டால் 41 சதவீதம் அதிகம்.

அதனால் அடுத்த முறை கேள்வியை மாற்றிப் பாருங்கள். ‘சத்தான உணவுக்கு விளம்பரம்’ வேண்டாம். ‘உனக்குத் தெரிந்த ஒருத்தர் ஏதோ ஒரு காயையோ பழத்தையோ வேண்டாம் என்கிறார். அவர் யார், ஏன் வேண்டாம் என்கிறார், அவரை ஒரே ஒரு வாய் சாப்பிட வை.’ இவ்வளவுதான். தம்பி, பக்கத்து பெஞ்சுப் பிள்ளை, தாத்தா, யாராக இருந்தாலும் சரி, ஆள் நிஜமாக இருக்க வேண்டும், அவர் சொல்லும் ‘வேண்டாம்’ நிஜமாக இருக்க வேண்டும். வழவழவென்று இருக்கிறது என்பது ஒரு வேண்டாம். வாசனை பிடிக்கவில்லை என்பது வேறு. போன தடவை சாப்பிட்டபோது வாந்தி வந்தது என்பது முற்றிலும் வேறு, அதற்கு எதிராக எழுதுவது ரொம்பக் கஷ்டம், பெரிய விளம்பர எழுத்தாளர்களே திணறுவார்கள்.

போன வருடம் ஒரு பள்ளியில் இதைச் செய்தோம். எழுதுவதற்கு முன்னால் சாப்பிட வேண்டும் என்பது நான் வைத்திருக்கும் ஒரே விதி. (ஒவ்வாமை யாருக்காவது இருக்கிறதா என்று முதல் நாளே வீட்டில் கேட்டு வாங்கிவிடுங்கள். சாப்பிட மாட்டேன் என்கிற பிள்ளையை வற்புறுத்தவும் வேண்டாம், முகர்ந்து பார்த்தால் போதும்.) ஆளுக்கு ஒரு துண்டு பச்சைக் கேரட், கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகக் கடித்து என்ன நடந்தாலும் எழுத வேண்டும், ஆனால் ‘நல்லா இருக்கு’ என்ற வார்த்தையைத் தொடக்கூடாது. முதல் இரண்டு நிமிடம் ஒரே சிரிப்பு. அப்புறம் ஒரு பையன் எழுதினான்: “காதுக்குள்ள யாரோ சருகு மேல நடக்கிற மாதிரி சத்தம்.” நான் அதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டேன். அவ்வளவுதான், இன்னொரு துண்டு கொடுங்கள் என்று எல்லாரும் கை நீட்டிவிட்டார்கள், அந்தச் சத்தம் தங்களுக்கும் கேட்கிறதா என்று பார்க்க. ஒரு வாக்கியம் ஒரு வகுப்பையே கேரட் கேட்க வைத்ததை அவன் கண்ணால் பார்த்தான். நாம் இதை எத்தனை நாள் விளக்கினாலும் அவனுக்கு அப்படிப் புரிந்திருக்காது.

அதே வகுப்பில் ஒரு சிறுமிக்கு வாழைப்பழம். அவள் தம்பி, தோலில் கரும்புள்ளி விழுந்த பழத்தை அழுகிவிட்டது என்று தொடவே மாட்டானாம். முதலில் “கரும்புள்ளி இருந்தாலும் பரவாயில்லை, சாப்பிடு” என்று எழுதினாள். பழம் பழுக்கப் பழுக்க அதிலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாக மாறும் என்று சொன்னேன், பச்சையாக ஒன்று, புள்ளி விழுந்தது ஒன்று, இரண்டிலும் ஒரு துண்டு சாப்பிட்டுப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, முதல் வரியை அடித்துவிட்டு எழுதினாள்: “புள்ளி வரும்வரை காத்திரு. பழம் ரெடி என்று அதுதான் சொல்லும்.” பார்த்தீர்களா, ‘பரவாயில்லை’ போய்விட்டது. தம்பி எதைக் குறை என்றானோ அதையே பிடித்துக்கொண்டாள், அதில் பொய் ஒரு துளியும் இல்லை. பத்து வயதில் இந்தத் திருப்பம் கைவந்துவிட்டால் பின்னால் எந்த வாதத்தையும் எழுதிவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ‘என் கருத்து, மூன்று காரணம், முடிவுரை’ என்ற சட்டகத்தை இதற்கு அப்புறம் கொடுத்தால் போதும், எதை வைத்து நிரப்புவது என்று அவர்களுக்கே தெரிந்திருக்கும்.

சரி, இப்போது அந்தப் பையன். அவன் கேட்டதை அதிகப்பிரசங்கித்தனமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருக்கிறான். உங்கள் வகுப்பே எழுதிய கேரட்டை வைத்து அவனுக்குப் பதில் சொல்லலாம். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில், இருட்டில் எதிரி விமானங்களைச் சுட்டு வீழ்த்திய விமானிகள் நிறையக் கேரட் சாப்பிட்டதால்தான் அவர்களுக்கு ராத்திரியில் கண் அவ்வளவு நன்றாகத் தெரிந்தது என்று செய்தி பரப்பினார்கள். உண்மையில், இருட்டிலும் எதிரி விமானம் எங்கே இருக்கிறது என்று காட்டும் ரேடார் கருவி அவர்கள் விமானத்துக்குள் இருந்தது, அது அப்போது ரகசியம். இன்னொரு பக்கம் உணவு அமைச்சகம் ‘டாக்டர் கேரட்’ என்று ஒரு கேலிச்சித்திரப் பாத்திரத்தையே உருவாக்கி மக்களைக் கேரட் சாப்பிடச் சொன்னது.

இதில் உண்மை எவ்வளவு? கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டினை நம் உடல் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது, அந்த வைட்டமின் குறைந்தால் மாலைக்கண் வரும், அது முழு உண்மை. ஆனால் குறைபாடு இல்லாத ஒருத்தர் கூடை கூடையாகக் கேரட் தின்றாலும் இருட்டில் பார்வை கூடாது. உண்மையான ஒரு வரியைப் பிடித்து, அதை எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தாமல் இழுத்துவிட்டார்கள். அந்தப் பையனிடம் கேரட்டைக் கொடுத்து, உண்மை முடிகிற இடத்தில் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். விளம்பரம் என்றாலே பொய் இல்லை, அந்தக் கோட்டைத் தாண்டும்போதுதான் பொய் ஆகிறது, அதைத் தாண்டாமலே இணங்க வைக்க முடியும் என்று வாழைப்பழத்துச் சிறுமி காட்டிவிட்டாள்.

பறக்கும் ஆப்பிளைக்கூட நான் அடிக்க மாட்டேன். அது விளையாட்டு என்று எழுதுகிறவனுக்கும் தெரியும், படிக்கிறவனுக்கும் தெரியும், யாரும் ஏமாறப்போவதில்லை. ‘இந்த ஆப்பிளைச் சாப்பிட்டால் காய்ச்சலே வராது’ என்று எழுதினால்தான் நிறுத்திப் பேச வேண்டும், ஏனென்றால் அதை ஒருத்தர் நம்பிவிட முடியும்.

விளம்பரம் கற்றுக்கொடுக்கலாமா என்ற தயக்கம் பற்றி. ஏழெட்டு வயதுக்குக் கீழே, விளம்பரம் நம்மை வாங்க வைக்கத்தான் வருகிறது என்பதே பிள்ளைகளுக்குச் சரியாகப் பிடிபடாது என்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் குழு 2004இல் அறிக்கை கொடுத்தது. ஸ்வீடனில் 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைக் குறிவைத்துத் தொலைக்காட்சியில் விளம்பரம் செய்ய 1991 முதலே தடை. அப்படியிருக்க, பத்து வயதுதான் சரியான நேரம் என்பேன். எழுதி முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘இதில் எதைச் சொல்லாமல் விட்டாய்?’ கேரட் எழுதியவன் ‘கடைசியில் லேசாக மண் வாசனை வரும், அதை விட்டுவிட்டேன்’ என்பான். தானே ஒன்றை மறைத்துப் பார்த்த பிள்ளை, அன்றைக்குச் சாயந்திரம் சிப்ஸ் விளம்பரம் வரும்போது அதில் என்ன விடுபட்டிருக்கிறது என்று தேட ஆரம்பித்துவிடும்.

மதிப்பெண் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தம்பி சாப்பிட்டானா இல்லையா என்பதற்கு மதிப்பெண் வைத்துவிடாதீர்கள், பிள்ளைகள் தம்பி வாயில் திணித்துவிட்டு வந்து நிற்பார்கள். யார் ‘வேண்டாம்’ சொன்னது, ஏன் என்பது எழுத்தில் தெரிகிறதா, சொந்தமாகச் சாப்பிட்டுப் பார்த்து எழுதிய ஒரு வரியாவது இருக்கிறதா, கோட்டைத் தாண்டவில்லையா, முதலில் எழுதியதில் ஏதாவது ஒன்றை அடித்து மாற்றியிருக்கிறார்களா, நான் இந்த நான்கைத்தான் பார்ப்பேன். கடைசியானதற்குத்தான் அதிகம் கொடுப்பேன், அதனால் அடித்துத் திருத்திய நோட்டையே வாங்குங்கள், அழகாகப் படி எடுத்த சார்ட் அட்டை வேண்டாம்.

அந்தப் பையன் கோடு போட்டால் எங்கே போட்டான் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்